28-வது நிமிடத்தின் மஞ்சள் அட்டை

2010 உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம். ஜொகன்னஸ்பர்கில் ஸ்பெயினும் நெதர்லாந்தும் மோதுகின்றன. 28-வது நிமிடத்தில் உயரமாக வந்த ஒரு பந்துக்கு இருவர் போகிறார்கள். ஸ்பெயினின் சாபி அலோன்சோ தலையை நீட்டுகிறார். நெதர்லாந்தின் நைஜல் டி யோங் காலைத் தூக்குகிறார். ஷூவின் அடிப்பக்கம் நேராக அலோன்சோவின் நெஞ்சில் இறங்குகிறது. டிவியில் பார்த்தவர்களுக்குச் சந்தேகமே இல்லை, அது ஆளை வெளியேற்றும் சிவப்பு அட்டை. நடுவர் ஹோவர்ட் வெப் எடுத்துக் காட்டியது எச்சரிக்கையான மஞ்சள்.

வெப் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை. இங்கிலாந்தின் தெற்கு யார்க்‌ஷயரில் போலீஸ் சார்ஜென்ட்டாக இருந்தவர். அதே ஆண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தையும் நடத்தியவர். டி யோங்கின் உதையை இன்னொரு ஆட்டக்காரர் மறைத்துவிட்டார், சரியாகத் தெரியவில்லை, இடைவேளையில் பார்த்த பிறகுதான் தப்பு செய்துவிட்டது புரிந்தது என்று அவரே பின்னால் சொன்னார். நான் அதை நம்புகிறேன். ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த உதைக்கு முன்னாலேயே, 15-வது நிமிடத்திலிருந்து 23-வது நிமிடத்துக்குள், அவர் நான்கு மஞ்சள் அட்டைகளைக் காட்டி முடித்திருந்தார். ஆட்டம் கையை மீறிப் போய்க்கொண்டிருந்தது.

அன்று மொத்தம் 14 மஞ்சள் அட்டைகள். அவற்றில் ஒன்று ஸ்பெயினின் இனியெஸ்டாவுக்கு. 116-வது நிமிடத்தில் கோப்பையை வென்று தந்த கோலை அடித்துவிட்டு, சட்டையைக் கழற்றி, முந்தைய ஆண்டு இறந்துபோன நண்பர் டானி ஹார்க்கேயின் பெயர் எழுதிய உள்சட்டையைக் காட்டினார். சட்டையைக் கழற்றினால் மஞ்சள் என்பது 2004 முதல் விதி; நடுவருக்கு அதில் வேறு வழியே கிடையாது. நெஞ்சில் உதைத்தவருக்கும் மஞ்சள், செத்துப்போன நண்பனை நினைத்தவருக்கும் மஞ்சள்.

இனியெஸ்டாவுக்குக் காட்டிய அட்டையை நேற்று விசில் வாங்கிய பையன்கூடச் சரியாகக் காட்டிவிடுவான். டி யோங்குக்கு என்ன காட்டுவது என்பதில்தான் அனுபவம் பேச வேண்டும். சில சமயம் அங்கேயே அது சறுக்கவும் செய்கிறது.

கால்பந்தின் 12-வது விதி தவறுகளைப் பட்டியல் போட்டுத் தருகிறது. நடுவரின் முடிவை வாயாலோ கையாலோ எதிர்த்தால் மஞ்சள். ஆட்டத்தை மறுபடி தொடங்கவிடாமல் இழுத்தடித்தால் மஞ்சள். அடிபட்டதுபோல நடித்து விழுந்தால் மஞ்சள். துப்பினாலும் கடித்தாலும், கெட்ட வார்த்தையில் திட்டினாலும் சிவப்பு. படிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் 'திரும்பத் திரும்பத் தவறு செய்தால்' மஞ்சள் என்றொரு வரி இருக்கிறது. எத்தனை முறை என்றால், குறிப்பிட்ட எண்ணிக்கை எதுவும் இல்லை என்று விதிப் புத்தகமே சொல்லிவிடுகிறது. முடிவை எதிர்ப்பதும் அப்படித்தான். பெனால்டி போய்விட்ட ஆத்திரத்தில் ஒருவன் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தால் அது எதிர்ப்பா, புலம்பலா? அதை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்க முடியாது.

அட்டைகளே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1962 உலகக் கோப்பையில் சிலியும் இத்தாலியும் சாண்டியாகோவில் ஆடிய ஆட்டம் அடிதடியாக முடிந்தது. நடுவர், இங்கிலாந்தின் கென் ஆஸ்டன். வெளியே போகச் சொன்ன ஓர் இத்தாலியர் போக மறுத்து, போலீஸ் வந்து கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அதே ஆட்டத்தில் முஷ்டியால் குத்திய சிலிக்காரர் ஒருவர் கடைசிவரை களத்திலேயே இருந்தார். நான்கு ஆண்டு கழித்து இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பைக்கு ஆஸ்டன் நடுவர்களின் தலைவர். இங்கிலாந்து - அர்ஜென்டினா காலிறுதியில் ஜெர்மானிய நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன் அர்ஜென்டினாவின் கேப்டன் ராட்டினை வெளியேறச் சொன்னார். ராட்டின் நகரவில்லை. இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஜெர்மன் தெரியாது. பல நிமிடம் ஆட்டம் நின்றது. அதே ஆட்டத்தில் இங்கிலாந்தின் சார்ல்ட்டன் சகோதரர்கள் இருவரும் எச்சரிக்கப்பட்டிருந்த விஷயம் பத்திரிகையில் வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் லண்டன் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் கார் ஓட்டிப்போன ஆஸ்டனுக்கு சிக்னல் விளக்கைப் பார்த்து யோசனை வந்தது: மஞ்சள் என்றால் நிதானம், சிவப்பு என்றால் நில். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன.

மொழிச் சிக்கலை அட்டை தீர்த்து வைத்தது. எழுபதாயிரம் பேருக்கு ஒரே நொடியில் சேதி போய்விடுகிறது. ஆனால் அது புது நடுவரின் கையில் வேறொரு சிக்கலையும் கொடுத்தது. பாக்கெட்டில் ஒரு கருவி தயாராக இருக்கும்போது, வாயையும் காலையும் கண்ணையும் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை அந்தக் கருவியிடம் தள்ளிவிடத் தோன்றும்.

முதல் சீசன் நடுவர்கள் பொதுவாக இரண்டு பக்கத்தில் ஏதோ ஒன்றில் விழுவார்கள். ஒரு பக்கம், காதில் எதுவும் விழாததுபோல ஓடுவது. திட்டு வருகிறது, கேட்கிறது, ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வது. ஆட்டக்காரர்கள் இதை மோப்பம் பிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஒருவன் முணுமுணுத்தான், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தவன் சத்தமாகச் சொல்வான். மூன்றாமவன் ஓடிவந்து முகத்துக்கு நேரே நிற்பான். இன்னொரு பக்கம், ஒவ்வொரு முணுமுணுப்பையும் தன் மேல் வீசிய கல்லாக எடுத்துக்கொள்வது. 10-வது நிமிடத்தில் ஒரு சின்ன வாய்த்துடுக்குக்கு மஞ்சள் கொடுத்தாயிற்று என்றால், மிச்சம் 80 நிமிடமும் அதே அளவுகோலில் அளந்தாக வேண்டும். அளந்தால் ஆட்டம் முடியும்போது களத்தில் ஆள் இருக்காது. அளக்காவிட்டால், 'அவனுக்குக் கொடுத்தாயே, இவனுக்கு ஏன் இல்லை' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: தவறு நடந்து முடிந்த பிறகுதான் புதியவர் அதைப் பார்க்கிறார்.

அனுபவசாலி கொஞ்சம் முன்னாலேயே பார்க்கிறார். பந்தைப் பறிக்க வந்த ஒருவனின் மோதலில், அதாவது டேக்கிளில், விழுந்தவன் எழுந்ததும் பந்தைத் தேடுகிறானா, தன்னை விழவைத்தவனின் சட்டை எண்ணைத் தேடுகிறானா என்று பார்க்கிறார். எண்ணைத் தேடினால், அடுத்த சில நிமிடங்களில் அந்த இருவரும் பக்கத்தில் வரும்போதெல்லாம் நடுவரும் பக்கத்தில் இருப்பார். ஒன்றும் சொல்ல வேண்டாம், நின்றாலே போதும். கார்னர் கிக்குக்கு முன் சட்டையைப் பிடித்து இழுக்கும் இருவரிடம், பந்து வருவதற்கு முன்பே போய் இரண்டு வார்த்தை பேசுவார். பந்து வந்த பிறகு என்றால் பெனால்டி கொடுத்தாக வேண்டும். விசிலிலும் இது உண்டு. சாதாரண ஃபவுலுக்குச் சின்னதாக ஓர் ஊதல். மோசமான டேக்கிளுக்கு நீளமான, காதைத் துளைக்கும் ஊதல். அடிபட்டவனின் நண்பர்கள் சண்டைக்கு ஓடிவரும் முன்பே, 'நடுவர் பார்த்துவிட்டார், கவனித்துக்கொள்வார்' என்று அந்தச் சத்தம் சொல்லிவிடும். பாதிச் சண்டைகள் அந்த நம்பிக்கை இல்லாததால்தான் மூளுகின்றன.

பேச்சுக்கும் படிகள் உண்டு. முதலில் ஓடிக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் ஒரு வார்த்தை. அடுத்தது ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரும் பார்க்கும்படி தனியே கூப்பிட்டு. அப்போது கேப்டனையும் அருகில் அழைத்துக்கொள்வது பழைய கைகளின் வழக்கம். மூன்றாவதுதான் அட்டை. மஞ்சளைக் காட்டும் முன், களத்தில் முன்பு தவறு நடந்த இடங்களை 'அங்கே, அங்கே, இங்கே' என்று விரலால் சுட்டிக் காட்டும் நடுவரைப் பார்த்திருப்பீர்கள். அது ஆட்டக்காரருக்கு மட்டுமல்ல. எதிரணிக்கும், பயிற்சியாளருக்கும், கூட்டத்துக்கும் சேர்த்துச் சொல்லும் விளக்கம். அந்த மஞ்சளை யாரும் பெரிதாக எதிர்க்க மாட்டார்கள்.

இதில் அளவுகோல் சங்கதி சுவாரஸ்யமானது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் உன்கெல்பாக், மெம்மெர்ட் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஜெர்மனியின் முதல்தர லீக்கான பண்டஸ்லிகா ஆட்டங்களின் ஆரம்ப நிமிடங்களில் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே மஞ்சள் அட்டைகள் வருகின்றன என்று காட்டியது. அதே தவறு பின்னால் நடந்தால் அட்டை, முதலிலேயே நடந்தால் எச்சரிக்கை. இது கோழைத்தனம் இல்லை என்பது அவர்களுடைய விளக்கம். அன்றைய ஆட்டத்தின் சூடு எவ்வளவு என்று தெரிவதற்கு முன் நடுவர் தன் அளவுகோலின் மேல் முனையைச் செலவழிக்கத் தயங்குகிறார். பரீட்சைத் தாள் திருத்தும் ஆசிரியர் முதல் கட்டில் 95 போடத் தயங்குவது மாதிரி. ஆனால் ஆட்டக்காரர்களுக்கும் இது தெரியும். முதல் கால் மணியில் எதிரணியின் நட்சத்திரத்தை ஒரு முறை நன்றாக மிதித்துவிட்டால் இலவசமாகப் போய்விடும் என்று கணக்குப் போடும் தடுப்பாட்டக்காரர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

கூட்டத்தின் சத்தமும் நடுவரின் காதுக்குள் புகத்தான் செய்கிறது. இங்கிலாந்தில் நெவில், பாமர், வில்லியம்ஸ் என்ற மூவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 40 நடுவர்களுக்கு லிவர்பூல் - லெஸ்டர் ஆட்டத்தின் 47 மோதல்களைத் திரையில் காட்டினார்கள். பாதிப் பேருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். அனுபவம் கூடக்கூட உள்ளூர் அணியைத் தண்டிக்கும் துணிவும் கூடியது; ஆனால் சுமார் 16 ஆண்டு வரைதான். அதற்கு மேல் போனவர்களிடம் அது மறுபடி இறங்கியது. அனுபவத்தை ஏறுமுகமாகவே நினைத்துக்கொள்ளும் நமக்கு இது கொஞ்சம் இடிக்கும். பிறகு கொரோனா காலத்தில் காலி மைதானங்களில் ஆட்டம் நடந்தபோது, வெளியூர் அணிகளுக்குக் கூடுதலாக வந்துகொண்டிருந்த மஞ்சள் அட்டைகள் குறைந்ததைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டன.

வயதும் அனுபவமும் இருந்தும் கட்டுப்பாடு நழுவிய ஆட்டங்கள் நிறைய. 2006 உலகக் கோப்பையில் நியூரம்பெர்கில் போர்ச்சுகலும் நெதர்லாந்தும் ஆடியபோது ரஷ்ய நடுவர் வாலென்டின் இவனோவ் 16 மஞ்சளும் 4 சிவப்பும் காட்டினார். நடுவருக்கே ஒரு மஞ்சள் கொடுத்திருக்கலாம் என்று ஃபிஃபா தலைவர் பிளாட்டர் கிண்டலடித்து, பிறகு அதற்காக வருந்தினார். அந்த அட்டைகளில் பெரும்பாலானவை விதிப்படி சரியானவைதான். என்ன, பத்தாவது அட்டைக்கு மேல் அட்டை என்பதே மதிப்பில்லாத காகிதமாகிவிடுகிறது. இதற்கு நேர் எதிர், ஸ்பெயினின் மத்தேயு லாஹோஸ். ஆட்டக்காரர்களோடு ஓயாமல் பேசுபவர், தோளில் கை போடுபவர். 2022 கத்தார் உலகக் கோப்பையில் நெதர்லாந்து - அர்ஜென்டினா காலிறுதியில் அந்தப் பேச்சு எதையும் தடுக்கவில்லை. அர்ஜென்டினாவின் பரேதெஸ் பந்தை நெதர்லாந்தின் மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்து ஓங்கி உதைத்து, இரு அணியும் கைகலப்புக்குப் போன பிறகும் அவருக்கு மஞ்சளோடு முடிந்தது. ஆட்டம் முடிந்ததும் மெஸ்ஸி வெளிப்படையாகவே நடுவரைக் குறை சொன்னார்.

ஒரே போட்டித் தொடரில் இந்த இரண்டு பாணியும் அடுத்தடுத்து அடி வாங்கிய கதை டென்னிஸில் உண்டு. 2018 அமெரிக்க ஓப்பனில் முகமது லஹ்யானி என்ற மூத்த நடுவர், மனம் ஒட்டாமல் ஆடிக்கொண்டிருந்த நிக் கிரியோஸிடம் நாற்காலியிலிருந்து இறங்கிப்போய், உனக்கு உதவத்தான் பார்க்கிறேன் என்கிற மாதிரி பேசினார். எல்லை மீறிவிட்டார் என்று பெரிய சர்ச்சை. பின்னர் இரண்டு தொடர்களுக்கு அவரைத் தள்ளி வைத்தார்கள். அதே தொடரில் சில நாட்கள் கழித்துப் பெண்கள் இறுதி ஆட்டம். கார்லோஸ் ராமோஸ் விதியின் படிகளை அப்படியே ஏறினார். செரினா வில்லியம்ஸுக்கு முதலில் எச்சரிக்கை, மட்டையை உடைத்ததும் ஒரு புள்ளி இழப்பு, நடுவரைத் திருடன் என்றதும் ஒரு கேம் இழப்பு. அதுவும் பெரிய சர்ச்சை. ராமோஸ் விதியைத் தாண்டவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் மூன்றாவது படிக்கு முன்னால், 'இதோடு நிறுத்துங்கள், அடுத்தது ஒரு கேம் போய்விடும்' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாமோ என்ற கேள்வியும் போக மறுக்கிறது.

சரி, அனுபவம் இன்னொரு ஆபத்தான இடத்துக்கும் கூட்டிப்போகும். 2016 மே 2-ஆம் தேதி லண்டனில் செல்சி - டாட்டன்ஹாம் ஆட்டம். டாட்டன்ஹாம் ஜெயிக்காவிட்டால் இங்கிலாந்து லீக்கில் லெஸ்டர் சாம்பியன். 2-2 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் டாட்டன்ஹாம் அணிக்கு மட்டும் 9 மஞ்சள் அட்டைகள். சிவப்பு ஒன்றுகூட இல்லை. நடுவர் மார்க் கிளாட்டன்பர்க், அன்றைய ஐரோப்பாவின் தலைசிறந்த நடுவர்களில் ஒருவர். அடுத்த ஆண்டு ஒரு பேட்டியில் அவரே விஷயத்தை உடைத்தார். மூன்று டாட்டன்ஹாம் ஆட்டக்காரர்களை வெளியேற்றியிருக்க முடியும். ஆனால் நடுவரால்தான் கோப்பை போனது என்று மறுநாள் செய்தி வரக்கூடாது என்பதற்காக, அவர்கள் தாங்களாகவே அழியட்டும் என்று திட்டத்தோடு விட்டுவிட்டேன் என்ற பொருளில் பேசினார்.

நேர்மையான ஒப்புதல்தான். ஆனாலும் படிக்கும்போது கொஞ்சம் திக்கென்றது. முதல் சீசன் பையன் அட்டையை எடுக்கப் பயப்படுவதற்கும், உலகத்தரம் வாய்ந்த நடுவர் அட்டையை எடுக்காமல் இருக்கத் திட்டம் போடுவதற்கும் நடுவே பதினைந்து இருபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. களத்தில் நெஞ்சிலோ கணுக்காலிலோ உதை வாங்குகிறவனுக்கு அந்த வித்தியாசத்தால் என்ன லாபம்? ஆட்டத்தை நடத்தத் தெரிந்தவர்கள் ஒரு கட்டத்தில் தங்களைப் பற்றிய செய்தியையும் சேர்த்து நடத்த ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இதற்கு மறுகோடியில் கிரிக்கெட் நடுவர் டாரல் ஹேர். 2006 ஓவல் டெஸ்டில் பாகிஸ்தான் பந்தைச் சேதப்படுத்தியதாகச் சொல்லி இங்கிலாந்துக்கு 5 ரன் கொடுத்தார்கள் ஹேரும் பில்லி டாக்ட்ரோவும். தேநீர் இடைவேளைக்குப் பிறகு கேப்டன் இன்சமாமின் பாகிஸ்தான் அணி எதிர்ப்புக் காட்டிக் களத்துக்கு வரவில்லை. நடுவர்கள் பெயில்ஸைத் தட்டி ஆட்டத்தை முடித்தார்கள். பிறகு பாகிஸ்தான் ஆடத் தயார் என்று வந்தபோதும் இவர்கள் மாறவில்லை. விதி அவர்கள் பக்கம்தான். ஆனால் விசாரணையில் பந்தைச் சேதப்படுத்திய குற்றச்சாட்டு நிற்கவில்லை. களத்துக்கு வராததற்காக மட்டும் இன்சமாமுக்கு நான்கு ஒருநாள் ஆட்டங்களில் தடை விழுந்தது. 2008-இல் ஆட்டத்தை டிரா என்று ஐசிசி மாற்றி, 2009-இல் மறுபடி இங்கிலாந்தின் வெற்றியாக்கியது. தன் அனுபவத்தின் மேல் அசையாத நம்பிக்கை வைத்திருந்த நடுவர், தன் முடிவிலிருந்து இறங்கி வரவில்லை.

கிரிக்கெட் நடுவர்கள் நீண்ட காலம் அட்டை என்று எதுவும் இல்லாமலே வேலை பார்த்தவர்கள். 1987-இல் ஃபைசலாபாத்தில் இங்கிலாந்து கேப்டன் மைக் கேட்டிங்கும் நடுவர் ஷக்கூர் ராணாவும் விரலை நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டதில் டெஸ்டின் ஒரு நாளே போனது. கேட்டிங் கைப்பட மன்னிப்பு எழுதித் தந்த பிறகுதான் ஆட்டம் தொடர்ந்தது. ஆட்டக்காரர்களின் நடத்தையைக் களத்துக்கு வெளியிலிருந்து கவனிக்கும் மேட்ச் ரெஃப்ரி என்ற பதவி வந்தது 1991-இல். மோசமாக நடப்பவரைக் களத்திலிருந்து வெளியேற்றலாம் என்று கிரிக்கெட் விதியில் சேர்ந்தது 2017-இல்தான். அதுவரை நடுவரின் ஆயுதம் பெரும்பாலும் குரலும் முகமும்தான். 73 டெஸ்டுகளில் நடுவராக நின்ற நம்ம சென்னை வெங்கட்ராகவனுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. 57 டெஸ்ட் ஆடியவர், இந்தியாவின் கேப்டனாக இருந்தவர். பந்து வீச்சாளர் எதற்காகக் கத்துகிறார், எது நிஜமான ஆத்திரம், எது நாடகம் என்பதை அவர் நடுவர் கோட்டுப் போட்ட பிறகு கற்க வேண்டியிருக்கவில்லை.

எல்லோருக்கும் அந்த வசதி கிடையாது. ஒரு நடுவருக்கு மரியாதை ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. வசவோ முதல் நாளிலேயே முழுசாகக் கிடைத்துவிடுகிறது. அடிமட்ட ஆட்டங்களில் கேமரா இல்லை, நான்காவது நடுவர் இல்லை, லைன்ஸ்மேன்கூடச் சில இடங்களில் ஏதோ ஓர் அணியின் உறவுக்காரர். சிறுவர் ஆட்டங்களில் கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாமார்களின் வாய் வேறு. இப்படிப்பட்ட இடத்தில் நிற்கும் பதினாறு வயதுப் பையனிடம் 'அனுபவம் வந்தால் சரியாகிவிடும்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. அது வரும்வரை அவன் அங்கே இருந்தால்தானே?

அதனால் அனுபவம் செய்யும் வேலையில் கொஞ்சத்தை விதியே செய்துவிட முடியுமா என்று பார்க்கிறார்கள். 2019-20 சீசனிலிருந்து இங்கிலாந்தின் அடிமட்டக் கால்பந்தில் நடுவரை எதிர்த்துப் பேசினால் 10 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். முன்னோட்டமாகச் செய்து பார்த்த 31 லீக்குகளில் எதிர்ப்பேச்சு 38 சதவீதம் குறைந்ததாக இங்கிலாந்து கால்பந்து சங்கம் சொன்னது. மஞ்சள் அட்டை வாங்கியவன் களத்திலேயே நின்று இன்னும் கொஞ்சம் பேசுவான். வெளியே உட்கார்ந்தவனுக்கு ஆத்திரம் ஆறிவிடும், அவனுடைய கூட்டாளிகளே அவனைத் திட்டவும் செய்வார்கள். 2023-இல் அடிமட்ட நடுவர்களின் நெஞ்சில் கேமரா மாட்டிப் பார்த்தார்கள். 2024 யூரோவில், கேப்டனைத் தவிர வேறு யாரும் நடுவரிடம் வந்து விளக்கம் கேட்கக்கூடாது என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ அறிவித்தது. நடுவரைச் சுற்றி எட்டுப் பேர் வளைத்துக்கொள்ளும் காட்சி அந்தத் தொடரில் நன்றாகவே குறைந்தது. கேப்டனை மட்டும் கூப்பிட்டுப் பேசுவது பழைய நடுவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த கைவேலை. இப்போது அது புதியவனுக்கும் விதியாகக் கிடைக்கிறது.

2022 இறுதியில் இங்கிலாந்துத் தொழில்முறை நடுவர்களின் தலைவராகப் பொறுப்பேற்றவர் ஹோவர்ட் வெப். 2023-24 சீசன் தொடங்கியபோது, எதிர்த்துப் பேசினாலும் வளைத்துக்கொண்டாலும் நேரத்தைக் கடத்தினாலும் தயங்காமல் மஞ்சளை எடுங்கள் என்பதுதான் அவருடைய நடுவர்களுக்குச் சொல்லப்பட்டது. அட்டைகள் எண்ணிக்கையில் எகிறின, பயிற்சியாளர்கள் கொதித்தார்கள். அந்த 28-வது நிமிடத்தைப் பற்றி இன்னும் யாராவது வெப்பிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.